மூன்று பித்தளைத் தாழ்ப்பாள்கள்

1964 தை மாதம், மனித குலம் காத்திருந்த வீட்டு வண்டி அண்ணாமலை நகரில் பூர்த்தியானது. ஜீப்பின் பின்னால் இழுத்துப்போய் வடலூர் தைப்பூச ஜோதி தரிசனத்துக்குத் தங்கப் பேராசிரியர் தில்லைநாதன் தானே செய்தது. திருடனுக்குப் பயந்து, கடலூரில் தேடி வாங்கிய மூன்று தாழ்ப்பாள்களையும் கதவின் வெளிப்புறமே பொருத்தினார்.

அவர் உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைக்க, வெளியே மைத்துனன் தேவநாதன் மூன்றையும் போட்டுப் பார்த்தான். மூன்றாவது இறுகிக்கொண்டது. உள்ளே புகை மண்டி, பேராசிரியர் இருமத் தொடங்கினார்.

"மச்சான், சீக்கிரம் தொற!"

"வர மாட்டேங்குது மாமா. சாமான் ரொம்ப ஸ்ட்ராங்கு!"

"கதவ ஒதைங்க!" என்று வெளியே நின்ற அவர் மனைவி ஞானாம்பாள் அலறினாள்.

"பாலிஷ் போயிடும்டீ!"

சட்டென்று இருமல் நின்றது.

பிறகு உள்ளிருந்து ஓர் உதை. தாழ்ப்பாள்கள் அசையவில்லை, கதவு கீல் பக்கமாகப் பெயர்ந்து வந்தது.

கீல்களுக்கு அவர் அரை அங்குல ஆணிதான் அடித்திருந்தார்.