ராக்கெட்டுக்கு அனுமதி உண்டு

கேப் கனாவரலில் ராக்கெட் கிளம்பும்போது அதை மிக அருகிலிருந்து படம் பிடிப்பது கேமரா மட்டும்தான்; ஆள் இருப்பதில்லை. முந்தின நாளே புகைப்படக்காரர்களான எங்களைப் பேருந்தில் ஏவுதளத்து வேலி வரைக்கும் அழைத்துப் போவார்கள். புதர்களுக்கு நடுவே முக்காலியை ஊன்றி, கேமராவைப் பூட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பெரிய சத்தம் கேட்டால் தானாகவே படமெடுக்க வைக்கும் கருவி ஒன்று அதில் இணைந்திருக்கும். நாங்கள் மைல்கணக்கில் தள்ளி நின்று அவித்த வேர்க்கடலை தின்போம். கேமரா பிழைத்ததா என்பது மறுநாள்தான் தெரியும்.

எங்களில் ஒருவனான ட்வைட் டில்லரியின் கேமராக்கள் பிழைத்ததில்லை. ஒன்றைக் காட்டுப்பன்றி சதுப்புக்குள் உருட்டிவிட்டது. இன்னொன்றின் லென்ஸை ராக்கெட் புகையிலிருந்த அமிலம் அரித்தது. மூன்றாவதை, தளத்திலிருந்து பெயர்ந்து பறந்த கான்கிரீட் துண்டு தூக்கிக்கொண்டு போனது. நாங்களெல்லாம் குப்பைப் பையைச் சுற்றி, குளியல் தொப்பியை மாட்டி, கடவுள் விட்ட வழி என்று வந்துவிடுவோம். ட்வைட் அப்படியில்லை. தன் வீட்டு வாசலில் நின்ற தகரத் தபால் பெட்டியைப் பிடுங்கி அதற்குள் கேமராவை வைத்தான். கதவில் ஒரு ஸ்பிரிங். சத்தம் கேட்டால் கதவு படக்கென்று திறக்கும், கேமரா சுட ஆரம்பிக்கும்.

"அப்போ உனக்கு வர்ற தபாலு?" என்று பேருந்தில் ஒருவர் கேட்டார்.

"புல்லுல போட்டுட்டுப் போறான். கரண்டு பில்லுதானே, நனைஞ்சா நனையட்டும்."

பெட்டி அவனுடையது, கேமரா அவன் மனைவி ரெனாட்டாவுடையது. அவள் டைட்டஸ்வில்லில் கல்யாணங்களைப் படம் பிடிப்பவள். அவள் தங்கை கொரீனின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அந்தக் கேமராவின் மெமரி கார்டில்தான் இருந்தன. வேறெங்கும் இன்னும் நகலெடுக்கவில்லை. ட்வைட் கேட்காமல் எடுத்து வந்துவிட்டான்.

பெட்டியை வைத்துவிட்டு வந்த அன்று பிற்பகல் இடி இடித்தது. அதை ராக்கெட் என்று நம்பிப் பெட்டி கதவைத் திறந்தது. மழையால் ஏவுதல் தள்ளிப்போனது; பிறகு ஒரு வால்வு பழுது. இரண்டு வாரம் யாரையும் வேலிப் பக்கம் விடவில்லை. கேமரா இன்று வரும், நாளை வரும் என்று ட்வைட் ரெனாட்டாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் பேட்டரி மாற்ற எங்களை அழைத்துப் போனபோது, திறந்த பெட்டிக்குள் கேமராவுக்கு முன்னால் காய்ந்த இலையும் பாசியுமாக ஒரு கூடு. அதில் ரென் குருவி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. தொண்டை மட்டும் எட்டூருக்குக் கேட்கும்.

ட்வைட் கையை நீட்டினான்.

"கையை எடுங்க," என்றார் ஓடாலிஸ் பிரியெட்டோ. ஏவுதளத்தைச் சுற்றியுள்ள காடு சரணாலயம் என்பதால் காட்டுயிர் அதிகாரியான அவரும் எப்போதும் எங்களோடு வருவார்.

"மேடம், இது என் பெட்டி."

"முட்டையும் உங்களுதா?"

"உள்ள இருக்கிறது என் பொண்டாட்டி கேமரா, மேடம். அதுல என் மச்சினி கல்யாணமே இருக்கு."

"குஞ்சு பொரிச்சுப் பறக்கட்டும். அப்புறம் கல்யாணத்தை எடுத்துக்குங்க. இப்போ கூட்டைத் தொட்டா கேஸு."

"நாளைக்கு இங்க ராக்கெட் கிளம்புது! இந்தப் புதரே வெந்துபோயிடும்!"

"ராக்கெட்டுக்கு அனுமதி இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

நாங்கள் எல்லோரும் யோசித்துப் பார்த்தோம். இதில் எங்கே ஓட்டை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ரெனாட்டாவின் அழைப்பு வந்தது. அவள் பேசியது பேருந்து முழுக்கக் கேட்டது.

"கார்டு எங்க?"

"பத்திரமா இருக்கு."

"யார்கிட்ட?"

"ஒரு குருவிகிட்ட."

"கார்டோட வந்தா வீட்டுக்கு வா. இல்லைன்னா அந்தக் குருவியோடயே குடித்தனம் பண்ணு."

அன்று முதல் அவன் தூண்டில் கடை வாசலில் தன் டிரக்கிலேயே குடியிருந்தான்.

மறுநாள் ராக்கெட் கிளம்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ட்வைட் மட்டும் பைனாகுலரைப் புதரை நோக்கிப் பிடித்திருந்தான். நெருப்பு பரவியதும், "போச்சு, என் கல்யாணமே போச்சு," என்றான். எந்தக் கல்யாணம் என்று நாங்கள் கேட்கவில்லை.

புகை அடங்கியபின் போய்ப் பார்த்தோம். என் லென்ஸ் மணல் அடித்துப் பால்போல் வெளுத்திருந்தது. இன்னொருவர் சுற்றிய குப்பைப் பை உருகிக் கேமராவோடு ஒட்டிக் கிடந்தது. தபால் பெட்டியின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. ஆனால் அதிர்வில் கதவு அறைந்து மூடியிருந்தது. ஓடாலிஸ் மண்டியிட்டுத் தகரத்தில் காதை வைத்தார். பிறகு ஒரு விரலால் கதவைத் திறந்தார். குருவி எங்களைப் பார்த்து, வாடகைக்காரர்களைப் பார்க்கும் வீட்டுக்காரியைப்போல் கத்து கத்தென்று கத்தியது.

"திட்டட்டும் மேடம்," என்றான் ட்வைட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திட்டுறவதான் உசுரோட இருக்கா."

குஞ்சுகள் பறந்துபோன பிறகு ஓடாலிஸே தொலைபேசியில் கூப்பிட்டுப் பெட்டியை ஒப்படைத்தார். ரெனாட்டா சாட்சிக்கு என்னையும் வரச் சொன்னாள். சமையலறை மேசையில் கார்டைக் கணினியில் செருகினாள். கல்யாணம் முழுதாக இருந்தது. அதற்குப்பின் இரண்டு இடிமின்னல். அதற்குப்பின் குருவியின் வால், அலகு, மறுபடியும் வால், ஆயிரக்கணக்கில். அது பாடும்போதெல்லாம் ராக்கெட் என்று கேமரா சுட்டிருக்கிறது. ராக்கெட் கிளம்புவதற்குப் பல நாள் முன்பே கார்டு நிறைந்துவிட்டது. அந்த முறை சேதமின்றித் திரும்பிய ஒரே கேமராவில் ராக்கெட்டின் ஒரு இழைப் புகைகூட இல்லை.

ட்வைட் வாசலிலேயே நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொரீன் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் முகம் இறுகியது.

"இந்தக் கவுன்ல நான் திரைச்சீலை மாதிரி இருக்கேனே, யாருமே சொல்லலையா? என் புருஷனைப் பாரு, எல்லாப் படத்துலயும் கண்ணை மூடிட்டு நிக்கிறான். பாதிரியார் கொட்டாவி விடுறார்."

"எல்லாம் இருக்கா?" என்று வாசலிலிருந்து ட்வைட் கேட்டான்.

"இருக்குடா பாவி, ஒண்ணு விடாம இருக்கு!" என்றாள் கொரீன். "ராக்கெட்டே எரிச்சிருக்கு. பாதியாவது போயிருக்கக் கூடாதா?"

ரெனாட்டா சிரிப்பை அடக்க முடியாமல் காலால் ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.