பெர்னதெத் மேல் நின்றுவிட்ட வெயில்

படக்கருவிக்குப் பின்னால் ஓஸ்வால்ட். மடக்கு நாற்காலியில் டைரக்டர் ரங்கா. கட்டிலில் பிணமாக நடித்துக்கொண்டே உண்மையாகத் தூங்கிவிட்ட ஹெர்பர்ட். வலது பக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகையோடு தியோடர். நடுவில் பெர்னதெத். 1929 ஜனவரியில், அல்சூர் ஏரிக்கரைப் படக்கம்பெனியில், அவள் முகத்தில் விழுந்த நாலு மணி வெயில் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. அப்போது அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். தாங்களும் இருந்ததாக அல்சூரில் பாதிப்பேர் பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

அந்தக் கம்பெனிக்குக் கூரை கிடையாது. மூன்று பக்கம் சித்திரம் எழுதிய படுதா, தலைக்கு மேலே கம்பியில் ஓடும் வெள்ளை மல்துணி, மற்றபடி பெங்களூர் வெயில். சிரிப்புக் காட்சி என்றால் மல்துணியை முழுக்க இழுத்துவிட்டு இரண்டு பக்கமும் பலகை பிடிப்பார்கள். மூக்குக்குக் கீழே நிழல் இருக்கும் முகத்தைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பதில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வில்லனுக்குப் பலகை தரையில் கிடக்கும். வெளிச்சம் மோவாயிலிருந்து ஏறும். இரவுக் காட்சிகளை உச்சிப் பொழுதில் எடுத்துப் பிறகு நீலச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகக் காட்டிவிடும். அதனால் எல்லாருக்கும் மஞ்சள் பூச்சும் உதட்டுக்குக் காப்பிப்பொடி நிறமும். காலையில் மேக்கப்போடு வெளியே வந்தால் காமாலை வார்டு நடந்து வருகிற மாதிரி இருக்கும். பெர்னதெத் அதை வைத்தே கம்பெனியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்தாலும் அவரைப் போலவே நடந்து காட்டுவாள். பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் மூக்குப்பொடி தேடுவதை அவள் செய்து காட்டி, ஓஸ்வால்ட் ஒருமுறை முக்காலியோடு விழுந்தார்.

ரங்காவுக்கு அந்த வருஷம் ஒரு பைத்தியம் பிடித்தது. பட்டாளத்தார் இருந்த தண்டுப் பகுதி பயாஸ்கோப்பில் ஓடிய ஏதோ வெளிநாட்டுப் படத்தில் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்திருந்தது. நம் படங்களில் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் தலையில் நேராக வெயில் அடிக்கிறது, ஏழையானாலும் பணக்காரனானாலும் எவன் வீட்டுக்கும் ஓடு இல்லை, இதை எவன் நம்புவான் என்று கேட்டார். படுதாவில் ஜன்னல் வெட்டினார்கள். மேலே மல்துணிக்குப் பதில் கறுப்புக் கம்பளம் போட்டார்கள். சூரியன் ஏரிப் பக்கம் சரிந்து ஜன்னலுக்குள் வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். காட்சி சுலபமானது: புருஷன் செத்துக் கிடக்கிறான், பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெயில் அவள் இடது கன்னத்தில் விழுந்தது. தியோடர் வழக்கப்படி வலது கன்னத்துக்குப் பலகையைத் தூக்கினான். ரங்கா, "கீழே வைப்பா" என்றார். அவன் வைத்தான். முகத்தில் பாதி இருண்டது.

பெர்னதெத் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது மசால் வடையை. இதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். துக்கம் எல்லாம் வெளிச்சம் செய்த வேலை. ஓஸ்வால்ட் அழுதுகொண்டே கைப்பிடியைச் சுற்றினார். ரங்கா துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ஹெர்பர்ட் கண் விழித்து அவள் முகத்தைப் பார்த்து, தான் உண்மையாகவே செத்துவிட்டதாக முடிவு செய்து, மல்லாந்தபடியே விசும்பினார். சுருள் தீர்ந்து பெட்டிக்குள் வால் மட்டும் அடித்துக்கொண்டது. 'கட்' என்று சொல்ல யாரிடமும் குரல் இல்லை. சூரியன் போயிற்று. அவள் மேல் விழுந்த வெயில் போகவில்லை.

உத்தரவு வராததால் வெளிச்சம் நிற்கிறது என்று ஓஸ்வால்ட் சொன்னார். மறுநாள் புதுச் சுருள் மாட்டி, அவளை அதே இடத்தில் உட்காரவைத்து, ரங்கா எதிரே நின்று 'கட்' சொல்ல முயன்றார். வந்தது அழுகை. சம்பந்தமில்லாத ஆள் வேண்டும் என்று சிக்பேட்டையிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் 'கட்' என்றார், பிறகு கன்னடத்தில் தன் தம்பியைப் பற்றி ஏதோ சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். வெயில் அப்படியேதான் இருந்தது. அதன்பின் யாரும் முயலவில்லை. கொஞ்ச நாளில் படங்கள் பேச ஆரம்பித்தன, வெயிலை விட்டு விளக்குக்குப் போயின, ரங்கா மெட்ராஸுக்குப் போனார், ஏரிக்கரைக் கம்பெனியில் ஒருவர் எருமை கட்டினார்.

பெர்னதெத் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெயில் இடது கன்னத்தில் சாய்வாக விழுந்தது. அவளைச் சுற்றிப் பாய் விரித்த அகலத்துக்கு நாலு மணியாக இருக்கும். விடியற்காலையிலும் நாலு மணி, அடைமழையிலும் நாலு மணி. அவள் தெருவில் முனிசிபாலிடி விளக்கு பழுதானபோது யாரும் புகார் கொடுக்கவில்லை. சாயங்கால ஜெபத்தில் அவள் உட்காரும் பெஞ்சுப் பக்கம் மெழுகுவர்த்தி வைப்பதைக் கோயில்பிள்ளை நிறுத்தினார். இதெல்லாம் வசதிதான். தொந்தரவு வேறு. அவளைப் பார்த்ததும் சோல்ஜர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சாவு வீடுகளிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட வரவில்லை. மார்க்கெட்டில் மீன்காரியிடம், "அக்கா, இந்த மீனு எனக்கு முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கிச்சா?" என்று கேட்டாள். மீன்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்து, "எடுத்துக்கினு போம்மா. காசு வேணாம். உன் மனசு எனக்குத் தெரியுது" என்றாள். பெர்னதெத்துக்கு மீன் இலவசமாக வேண்டியதில்லை. தான் சொல்வதைக் கேட்டு யாராவது சிரிக்க வேண்டும். அவளுக்கு இதைத் தவிர வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

தியோடர் அப்போது நீலசந்திராப் பேட்டையிலிருந்து தச்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு மார்க்கெட்டில் அவளுக்கு வலப்புறம் வந்து நின்றான். நலம் விசாரிக்கத்தான். அவள் மீன்காரியிடம் அதே கேள்வியைப் பழக்கத்தில் கேட்டாள். மீன்காரி நிமிர்ந்து, "ஏன், நீ ஞானத்தாயா வந்து நிக்கப்போறியா? வாங்கறதுன்னா வாங்கு, சும்னே பேஜாரு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பெர்னதெத் மெல்லத் திரும்பித் தியோடரைப் பார்த்தாள். அவன் சட்டையில் பட்ட வெயில் திரும்பி அவள் வலது கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் இருந்தால் அவள் சாயங்காலத்தில் கடைக்கு வந்த ஒரு சாதாரணப் பெண், அவ்வளவுதான்.

தியோடரின் தாயார் பிரிஜெட்டம்மாள், "சாவு வீட்டு மூஞ்சிய என் வாசப்படிக்குக் கூட்டிக்கினு வராதடா" என்று சொல்லியிருந்தார். அவன் வலப்புறமாக நின்று கூட்டி வந்தான். அவர் பார்த்துவிட்டு, பெண் கொஞ்சம் ஒல்லி என்று மட்டும் சொன்னார். 1932இல் கல்யாணம். அதற்குப் பிறகு தியோடர் வேறு நிறச் சட்டை போடவில்லை. தெருவிலும் கோயிலிலும் பந்தியிலும் அவளுக்கு வலப்புறம்தான். நீலசந்திரா அவளைப் பார்த்துச் சிரித்தது, ஏசியது, சண்டை போட்டது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் குஷியாக இருந்தார்கள்.

யுத்தம் வந்ததும் பாலமும் பாதையும் போடுகிற சாப்பர்ஸ் பட்டாளம் தச்சர்களை எடுத்தது. நாற்பத்தொன்றில் தியோடர் மலேயாவுக்குக் கப்பல் ஏறினான். நாற்பத்திரண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது. உயிரோடு இருக்கிறானா என்று சர்க்காருக்கும் தெரியவில்லை. தெருவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பெர்னதெத்தின் வலது பக்கம் காலியாக இருந்தது, முகத்தில் பாதி இருட்டு, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? துக்கம் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். "அவரு சாகலே" என்று அவள் சொல்வாள். அந்த வெளிச்சத்தில் அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு வந்தவர்கள் இன்னும் அதிகமாக அழுதார்கள்.

அவளுக்குத் தெருவைப் பற்றிக் கவலை இல்லை. மாமியார் நம்பிவிடக் கூடாது. அதனால் அடுப்படியில் வலப்புறச் சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தாள். அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் சுவர் அவள் கன்னத்தை நிரப்பியது. அங்கே அவளைப் பார்க்கும்போது பிரிஜெட்டம்மாள், மகன் வந்தால் போட வேண்டும் என்று எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வைப்பார். குழாயடியில் பார்த்துவிட்டால் மாரில் அடித்துக்கொள்வார். அடுப்படியில் தியோடர் உயிரோடு இருந்தான், குழாயடியில் செத்திருந்தான். இப்படி இரண்டு மாதம் போயிற்று. குழாயடி மெல்ல ஜெயித்தது. பிரிஜெட்டம்மாள் கறுப்புச் சாயம் வாங்கி வந்தார். சாமியாரிடம் மகனுக்காக மரித்தோர் பூசைக்கு நாள் கேட்டார்.

அந்த வாரம்தான், அன்று பிணமாக நடித்த ஹெர்பர்ட் வந்தார். இப்போது அவர் அந்தப் பேட்டையில் இருட்டடிப்பைக் கவனிக்கும் வார்டன். தகரத் தொப்பி, விசில், கை நிறைய சட்டம். ஜப்பான்காரன் மெட்ராஸ்வரை வந்துவிட்டான் என்று பேச்சு. பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வெளியே ஒரு பீடி நெருப்புக்கூடத் தெரியக் கூடாது. ஹெர்பர்ட் அடுப்படி வாசலில் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "பெர்னா, அத கொஞ்சம் அணைச்சிடும்மா" என்றார்.

"நான் என்னா சுவிட்சா அண்ணே?"

"ரூல்ஸ்மா. அந்தச் சுவரு வேற பளிச்சுனு தூக்கிக் குடுக்குது. அதுக்காவது கரி பூசிடு."

"கரி பூசினா எங்க அத்தே அவங்க புள்ளைய அடக்கம் பண்ணிடுவாங்க. வெளிச்சம் வெளிய வராட்டிப் போதும் இல்லே?"

சுவரை விட்டு வாசலுக்கு எழுந்து வந்த அவள் முகத்தை ஹெர்பர்ட் தெரியாமல் பார்த்துவிட்டு, விசிலைக் கழற்றி மூக்கைச் சிந்தினார். வராமல் இருந்தால் போதும் என்றார்.

வீட்டில் ஜன்னல் இல்லாத விறகு அறை ஒன்று இருந்தது. பெர்னதெத் விறகை முற்றத்தில் போட்டாள். நாலு சுவர், மேற்கூரை, கதவின் உள்பக்கம், கடைசியில் தரை என்று எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தாள். அன்று பொழுது சாயும்போது உள்ளே போய் உட்கார்ந்தாள். பூசை சனிக்கிழமை என்று சொல்வதற்காகப் பிரிஜெட்டம்மாளும் பின்னாலேயே நுழைந்தார். சைரன் ஊதியதும் ஹெர்பர்ட் ஓடி வந்து, காற்றில் கதவு திறந்துகொள்ளக் கூடாதென்று வெளிப்பக்கம் பூட்டு மாட்டினார்.

உள்ளே வெயில் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பியது. எதற்கும் நிழல் இல்லை. மருமகளின் மூக்குக்குக் கீழேகூட இல்லை. பிரிஜெட்டம்மாள் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார்.

"பூசை வைங்க அத்தே, நான் வேணாங்கலே" என்றாள் பெர்னதெத். "ஆனா அவரு நடுவுல வந்து நின்னு, யாரும்மா செத்ததுன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். நான் சொன்னா நம்பிடுவாரு. நம்பிட்டு, அவருக்கு அவரே அழுவாரு."

பிரிஜெட்டம்மாளுக்கு மகனின் முகம் கண் முன்னால் வந்திருக்க வேண்டும், தன் சாவுக்குத் தானே மூக்கைச் சிந்துகிற முகம். "அவன் செய்வான்டி, அந்தக் கிறுக்கன் செய்வான்" என்றார். பிறகு சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். வெளியே ஹெர்பர்ட் தகரத் தொப்பியைக் கழற்றி, ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். பூசை நடக்கவில்லை. கறுப்புச் சாயத்தைக் குடைக்குப் போட்டார்கள்.

அதிலிருந்து தினமும் பொழுது சாய்ந்தால் மாமியாரும் மருமகளும் அந்த அறைக்குள் போனார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி வந்தாள். ஒரு நாள் மீன்காரி வந்தாள். பகலில் பெர்னதெத்தைத் தெருவில் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள், மாலையில் அவள் சாமியாரைப் போல மூக்குப்பொடி தேடுவதைப் பார்க்க இடம் பிடித்தார்கள். ஹெர்பர்ட் ஆட்களை உள்ளே விட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலியில் உட்காருவார்; எல்லாரும் போகவேண்டிய நேரத்தில் திறப்பார். விமானம் ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷம் போயிற்று. யுத்தம் முடிந்தது, தெருவிளக்குகளின் கறுப்பு மூடியை எடுத்தார்கள். விறகு அறையைப் பற்றி எந்த உத்தரவும் வராததால் ஹெர்பர்ட் பூட்டுவதை நிறுத்தவில்லை.

நாற்பத்தைந்து டிசம்பரில் ஒரு மாலை தியோடர் வந்தான். காக்கி உடையில், பாதி எடையில், பல் இரண்டு குறைவாக. தெருவில் அவனைப் பார்த்த யாரும் நம்பவில்லை. அவர்கள் ஏற்கெனவே அழுது முடித்திருந்தார்கள். வீட்டில் ஆளில்லை. விறகு அறை வாசலில் முக்காலி போட்டு ஹெர்பர்ட் உட்கார்ந்திருந்தார்.

"யாரை உள்ள போட்டுப் பூட்டியிருக்கே?" என்று கேட்டான் தியோடர்.

"உன் பொண்டாட்டிய. உங்க அம்மாவ. பாதி நீலசந்திராவ" என்றார் ஹெர்பர்ட், எழுந்து நின்று. அவர் தியோடரைத் தோளில் தொட்டுப் பார்த்தார், இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். உள்ளே யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்கு ஒரு கூட்டம் சிரித்து ஓய்ந்தது. தியோடர் கதவில் காதை வைத்து, அதில் ஒரு குரலை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஹெர்பர்ட் சாவியை எடுத்துத் திறந்தார். நாலு மணி வெயில் முற்றத்தில் கொட்டியது. "சீக்கிரம் போப்பா, வெளிச்சம் வெளிய வருது" என்றார். தியோடர் உள்ளே போனான். ஹெர்பர்ட் கதவைச் சாத்திப் பூட்டினார்.