கிளியனூர் தாண்டிப் பதினொரு பிரேக்

1

“நாய் குறுக்க வந்துச்சுன்னு எழுதிடும்மா.”

“வீடியோவுல நாய் இல்லையே மாமா.”

“ஆடு?”

“ஆடும் இல்ல.”

“அப்ப என்னதான் இருக்கு அதுல?”

“காலி ரோடு. பிரேக் மேல உங்க காலு.”

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தெய்வசிகாமணி மாமா, அம்மாவின் தம்பி, இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறவர், ஓர் ஆங்கிலப் படிவத்தோடு மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிக்கிறவள். அதனால் எந்தப் படிவத்தையும் நிரப்பிவிடுவேன் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

2

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம்: ‘பனி மூடிய நெடுஞ்சாலையில் அந்த லாரி—’

[பனியா? திண்டிவனம் ரோட்டிலா?]

இரண்டாவது: ‘இயந்திரங்களின் காலத்தில் மனிதன்—’

[கட்டுரை வாடை.]

சாதாரணமாகவே சொல்கிறேன். மாமாவின் கம்பெனி ஆறு லாரிகளில் கேமரா வைத்திருக்கிறது. டிரைவர் ஓட்டுவதைப் பார்த்து, ஆளில்லாமல் ஓடப்போகும் லாரி கற்றுக்கொள்கிறது. கற்று முடித்ததும், உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆறு பேரில் இருவரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். காரணமில்லாமல் பிரேக் போட்டவருக்கு அந்த இருக்கை கிடையாது. மாமா பதினொரு முறை போட்டிருக்கிறார். எல்லாம் திண்டிவனம் ரோட்டில் கிளியனூர் தாண்டி ஒரே இடத்தில்.* ஏன் போட்டார் என்று கேட்டு வந்ததுதான் அந்தப் படிவம்.

மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் கவிநிலா லாஸ்பேட்டையில் கல்லூரி முதல் வருடம். இனி வேறு யார் வண்டி கொடுப்பார்கள்?

* என் நாவல்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் மரணத்தைப் பற்றி யோசிப்பார்கள். டோல்கேட் வரிசையைத் தவிர வேறெதையும் யோசிப்பதில்லை என்பார் மாமா. நம்பியிருந்தேன்.

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பதினொரு முறை பிரேக் போட்டவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

“சத்தியமா நான் போடலடி. மிஷினு புளுகுது.”

கம்பெனி அனுப்பிய வீடியோக்களை என் போனில் ஓட்டினேன். மூன்றாவதில் சிரித்தார். “செருப்பு என்னுதுதான். காலு யாருதோ.” ஐந்தாவதில் சிரிக்கவில்லை. ஏழாவதில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“வேம்பு,” என்றார்.

வேம்பு அதே கம்பெனியில் ஓட்டியவர். ஒன்பது வருடத்துக்கு முன் அந்த இடத்தில் வண்டி மோதி இறந்தார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாததை மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“டயர் வெடிச்சு ஓரமா நின்னிருந்தான். என் வண்டியப் பாத்து கை காட்டுனான். அவனுக்கு அது வெளையாட்டு. கை காட்டி நிறுத்திட்டு பீடி கேப்பான். நாங்க எல்லாருமே அப்படித்தான். அன்னிக்கும் வெளையாட்டுன்னு நெனச்சு ஹாரன் அடிச்சுட்டுப் போயிட்டேன். அரை மணி நேரத்துல பின்னால வந்த வண்டி…”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

4

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

‘சாலையில் பள்ளம்’ என்று எழுதுகிறேன். [பள்ளமும் வீடியோவில் இல்லை.]

உண்மையை எழுதுகிறேன். படிக்கிற அதிகாரி கண்கலங்கி மாமாவை வைத்துக்கொள்கிறார். [இதை நான் உங்களுக்காக யோசித்தேன். எனக்கே நம்பிக்கை இல்லை.]

உண்மையை எழுதுகிறேன். மாமாவை அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் நடக்கும் என்று அவரிடம் சொன்னேன். “அந்தப் பதினொரு பிரேக்கையும் தப்புன்னு அழிச்சிடுவாங்க மாமா. வண்டி அதக் கத்துக்கக் கூடாதுல்ல.”

வேலையைப் பற்றி அவர் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“அழிச்சிடுவாங்களா?” என்றுதான் கேட்டார்.

காரணம் எழுதப் படிவத்தில் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்ப எழுது பூவிழி. ஓரமா நின்னு ஒருத்தன் கை காட்டுனா, வெளையாட்டோ நெசமோ, அந்த ஆளில்லாத வண்டி நிக்கணும். அத மட்டும் அழிக்க வேணாம்னு எழுது. எழுதுறியாம்மா?”