ஊசிக்கு ஒரு பத்தியம்

கொரோனாவின் ரெண்டாவது அலை செஞ்சிப் பக்கம் அடித்து ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சிங்கவரத்துப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிப் பெட்டியோடு நர்ஸ் சுமலதா வந்து உட்கார்ந்தாள். ஐஸ்கட்டி வந்தது, பஞ்சு வந்தது, ஊசி வந்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே ஆம்பளைகள் கொல்லைப் பக்கம் நழுவினார்கள். பொம்பளைகள் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் கதவைத் தட்டினபோது, "வீட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

இந்த ஓட்டத்துக்கெல்லாம் தலைமை ராஜாங்கம். ஜெயக்கொடியின் புருஷன். அவர் போனில் ஒரு ஆடியோ இருந்தது. பேச்சாளர் யாரோ டாக்டராம். பேர் கிடையாது, ஊர் கிடையாது, சளி பிடித்த குரல். ஊசி போட்டால் ரெண்டு வருஷம்தான் ஆயுசு என்று அந்தக் குரல் சொன்னது. பஸ் நிறுத்தத்தில் நின்று அதைச் சத்தமாக வைத்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கேட்க வைப்பதே ராஜாங்கத்துக்கு வேலையாகப் போயிற்று. "நான் இருக்கற வரைக்கும் இந்த ஊர்ல ஒரு ஊசி இறங்காது" என்று மார்தட்டினார்.

அவர் ஆயுசுக்குப் பயப்படவில்லை, ஊசிக்குத்தான் பயப்பட்டார் என்பது ஜெயக்கொடி ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமான புதுசில், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஒரு நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. நாயைக் கண்டு மனுஷன் கலங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டதும் மதில் ஏறிக் குதித்துவிட்டார். மச்சான்மார் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது. இதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்று ஜெயக்கொடி வாயைத் திறந்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணாதிருந்தால் இந்த ஊசி விஷயத்திலேயே தலையிட்டிருக்க மாட்டாள். மகள் அமலாவுக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

"அத்தே, தப்பா நெனைக்காதீங்க" என்றான் மாப்பிள்ளை சிவசங்கர். "உங்க ஊர்ல ஒருத்தர்கூட ஊசி போடலையாமே. புள்ளத்தாச்சியப் பாக்க தெருவே வந்து பக்கத்துல உக்காரும். நான் எந்த நம்பிக்கையில அனுப்பறது?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. தான் ஒருத்தி போட்டுக்கொண்டால் போதாது, தெருவே போட்டுக்கொள்ள வேண்டும், முக்கியமாக வீட்டில் இருக்கிற மதில்தாண்டி போட்டுக்கொள்ள வேண்டும். யோசித்தபடியே நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தோளைக் காட்டினாள்.

சுமலதாவுக்கு சந்தோஷத்தில் கையே ஓடவில்லை. "ஒடம்பு வலிக்கும்க்கா, காய்ச்சல் வரலாம். ஒரு நாளைக்கு ஓய்வா இருங்க" என்றாள்.

ஓய்வு. அந்த வார்த்தையை ஜெயக்கொடியிடம் அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. கற்கண்டு மாதிரி அதை வாயில் உருட்டிக்கொண்டே நடந்தாள். தெருக்குழாயடிக்கு வருவதற்குள் அது நன்றாக ஊறிவிட்டிருந்தது.

குழாயடியில் பவுனம்மாளும் அன்புக்கரசியும் இன்னும் நாலைந்து பேரும் குடத்தோடு நின்றார்கள்.

"இன்னாக்கா, கொடமில்லாம வர்றே?" என்றாள் பவுனம்மாள்.

"ஊசி போட்டுக்கினேன். கொடம் தூக்கக் கூடாதாம்."

"அய்யய்யோ! அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியத்தானே போவுது. ரெண்டு நாளைக்கு அடுப்புகிட்ட போவக் கூடாதாம். களை வெட்டக் கூடாதாம். பத்தியம் அப்டி."

அன்புக்கரசி குடத்தைக் கீழே வைத்தாள். "அப்ப சோறு யாரு ஆக்கறது?"

"வீட்ல இருக்கற ஆம்பளதான்."

"புள்ளைங்கள குளிப்பாட்டறது?"

"அதுவும் அவங்கதான்."

"மாமியாருக்குக் கால் புடிக்கறது?"

ஜெயக்கொடி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அது மட்டும் ஒரு வாரத்துக்குக் கூடாது."

குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சுமலதா பெட்டியை மூடப் போன நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரே சேலைக் கூட்டம். முண்டியடித்துக்கொண்டு முதலில் வந்தது பவுனம்மாள். அடுத்து அன்புக்கரசி உட்கார்ந்து, ரெண்டு கையையும் நீட்டினாள். "ஏன் சிஸ்டர், ரெண்டு தோள்லயும் போட்டுக்கினா நாலு நாளா?"

சுமலதாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசாரித்ததும் ஜெயக்கொடியைத் தனியாக இழுத்துப் போனாள்.

"நான் இன்னாக்கா சொன்னேன், நீ இன்னா சொல்லி வெச்சிருக்கே?"

"நீங்க ஓய்வுன்னு சொன்னீங்க. எங்க ஊருக்குத் தோதா ரெண்டு நாளாக்கினேன். எங்க அலுப்புக்கு அது குறைச்சல்தான் சிஸ்டர்."

சுமலதா மாஸ்க்குக்குள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. கண் மட்டும் சுருங்கி விரிந்தது. "என் வாயால பொய் சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்" என்றாள் கறாராக. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, யார் யார் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையெல்லாம் எல்லாருக்கும் பொறுமையாகச் சொன்னாள். பத்தியத்தைப் பற்றி மட்டும் ஒருத்தியும் அவளிடம் வாய் திறக்கவில்லை. கேட்டுவைத்து, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்?

வீட்டில் ராஜாங்கம் குதித்தார். "யாரக் கேட்டுப் போட்டுக்கின?"

"மாப்பிள்ளையக் கேட்டு" என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி கட்டிலில் ஏறிப் படுத்தாள். படுத்தவள்தான். ராத்திரி நிஜமாகவே கொஞ்சம் காய்ச்சல் அடித்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

மறுநாள் சிங்கவரத்தில் வீட்டுக்கு வீடு புகை. அடுப்புப் புகையில்லை, தீய்ந்த புகை. ராஜாங்கம் வைத்த குழம்பைப் பார்த்து நாயே யோசித்தது. அதைவிட மோசம் மாடு. ஜெயக்கொடி கையைத் தவிர வேறு கை பட்டால் அது பால் விடாது, ஒரே உதை. ரெண்டு உதை வாங்கினதும் ராஜாங்கம் கொடியில் கிடந்த பெண்டாட்டி சேலையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, குரலை மெலிசாக்கி, "வாடி என் ராசாத்தி" என்று மாட்டைக் கொஞ்சினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு குரு வெளியே வர வேண்டுமா? வந்தவன் கையில் அவன் பெண்டாட்டியின் விளக்குமாறு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் களை தலைக்குமேல் நின்றது. வெயிலில் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போன ஆம்பளைகள் ரெண்டாம் நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கூடினார்கள்.

"நாமளும் போட்டுக்கலாம்யா" என்றான் குரு. "அவங்க நாளைக்கு எழுந்துடுவாங்க. நாம ரெண்டு நாள் படுக்கலாம். நாட்டுக்கோழி ரசம் வெச்சித் தருவாங்க."

ராஜாங்கம் பதறிப்போய் போனை எடுத்து ஆடியோவைப் போட்டார். சளி பிடித்த குரல் கரகரத்தது.

"நிறுத்துண்ணே" என்றான் குரு. "அந்த டாக்டர வந்து எங்க வூட்ல சோறாக்கச் சொல்லு, அப்பறம் கேக்கறேன்."

கூட்டம் சிரித்தது. அத்தோடு அந்த ஆடியோவின் ஆயுசு முடிந்தது.

மறுபடி சுமலதா வந்தபோது ஆம்பளைகள் வரிசை கட்டி நின்றார்கள். ராஜாங்கம் மட்டும் வேப்பமரத்தடியில் நின்று, பிரஷர், சுகர், நேரம் சரியில்லை என்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி பக்கத்தில் போனாள்.

"அமலா வரணுமா, வேணாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "என்னால முடியாது ஜெயா. உனக்குத் தெரியும்ல?" குரல் குழந்தைக் குரலாக இருந்தது. அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"வாங்க. நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனதும் நின்றவர்களை வெளியே விரட்டினாள். "அவருக்கு முதுகுல கட்டி. சட்டைய முழுசா அவுக்கணும், எல்லாரும் கெளம்புங்க." கதவைச் சாத்தினாள். ராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சுமலதா ஸ்பிரிட் பஞ்சால் தோளைத் துடைத்தாள். துடைத்ததுதான் தாமதம், ஒரு அலறல். எட்டத்தில் மேய்ந்த ஆடு ஓடியது.

"இன்னும் போடவே இல்லண்ணே" என்றாள் சுமலதா.

வெளியே வரிசை கலைகிற சத்தம் கேட்டது. ஜெயக்கொடி கையை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"பெஞ்சு என் கால்மேல வுழுந்துடுச்சு! அதுக்கு இன்னா, ஒரு பொம்பள கத்தக்கூடக் கூடாதா?"

"ஆம்பளக் கொரல் மாதிரி இருந்துச்சே" என்றான் குரு.

"வலி வந்தா உனக்கு இன்னா கொரல் வருதுன்னு பாக்கலாமா?"

அவன் வரிசைக்குத் திரும்பினான். உள்ளே அதற்குள் ஊசி இறங்கியிருந்தது. ராஜாங்கம் எழுந்து வந்து, "எறும்பு கடிக்கறதுதான்" என்று ஊருக்கு அறிவித்தார். ஜெயக்கொடி வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரே கார் வைத்து அமலாவை அழைத்து வந்தான். தெருவே வந்து சுற்றி உட்கார்ந்தது. அவன் ஒவ்வொருத்தரையும் போட்டாச்சா போட்டாச்சா என்று கேட்க, பவுனம்மாள் ஜாக்கெட் கையை ஏற்றி இடத்தையே காட்டினாள்.

எல்லாரும் போனபிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஜெயக்கொடியிடம் ராஜாங்கம் வந்து நின்றார்.

"அந்த ரெண்டு நாள் பத்தியம் நர்சம்மா சொன்னதில்லதானே?"

அவள் கை வாளியில் நின்றது. "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே. மாடு ஒதச்சப்ப கட்டில்ல ஒரு சிரிப்பு கேட்டுச்சு. பத்தியக்காரி சிரிக்கற சிரிப்பா அது?"

"அப்பறம் ஏன் சும்மா இருந்தீங்க? ஊருக்கே ஒடைச்சி விட்டிருக்கலாமே?"

அவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்தார். "நீ பகல்ல படுத்துத் தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரல." அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாயத் தெறந்துகினு தூங்கற. ஈ போயிட்டுப் போயிட்டு வந்துச்சு."

ஜெயக்கொடி வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் மூஞ்சியில் அடித்தாள்.