உறைபனி படியாத இடம்

ஐலியின் வீட்டு முன்சுவரில் ஓர் ஆள் தெரிய ஆரம்பித்தது நவம்பர் நடுவில். காலையில் சுவர் முழுவதும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். நடுவில் மட்டும் சிவப்பாக ஒரு தலை, அதன் கீழே இரண்டு தோள்கள். அந்த இடத்தில் பனி படியவே இல்லை.

ஐலி காபிக் கோப்பையுடன் முற்றத்தில் நின்றாள். நான் வேலியைத் தாண்டிப் போனதும், "உனக்கும் தெரியுதா, கெர்ட்டு?" என்றாள்.

"தெரியுது."

"நல்லவேளை. எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பயந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தௌனோதானே?"

அவள் கணவன் தௌனோ மார்ச்சில் வலை எடுக்கப் போனபோது ஏரியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன். மே மாதம்தான் உடல் கிடைத்தது. அவள் தனியாகக் கழிக்கும் முதல் குளிர்காலம் இது. ஆள் போன வீடு பாழடைந்து தெரியக் கூடாது என்று ஐலி ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருடமாக வண்ணமே காணாத சாம்பல் நிறப் பலகைகளுக்குச் சிவப்பு மண்ணும் ரை தானிய மாவும் சேர்த்துக் காய்ச்சிய வண்ணம் பூசினாள். ஜன்னல் சட்டங்களுக்கு வெள்ளை. குளிர் வந்ததும் படியின் இரு பக்கமும் வாளியில் உறையவைத்த பனிக்கட்டி விளக்குகள்.

அந்த முகத்தை மறைக்க ஸ்ப்ரூஸ் மரக் கிளை வளையம் ஒன்றை ஆணி அடித்து மாட்டினாள். மறுநாள் காலை மார்பு தெரிந்தது. அதன்மேல் வைக்கோல் நட்சத்திரம் அடித்தாள். மறுநாள் இடுப்பு. ஜன்னலுக்குக் கீழே விளக்குச் சரம் மாட்ட வரிசையாகக் கொக்கிகள் அடித்தாள். வியாழக்கிழமை முழங்கால் வரை வந்துவிட்டது.

"மறைக்க மறைக்க இறங்கி வர்றான். கால் தரையைத் தொட்டா உள்ளே நடந்து வந்துருவான்" என்றாள். "ஞாயித்துக்கிழமை என் மகன் இல்மாரி வேன் எடுத்துட்டு வர்றான். அவன்கூட ஔலு டவுனுக்கே போயிடறேன். இந்த வீடு வேண்டாம்."

பக்கத்து வீட்டில் வெளிச்சம் இல்லாத குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தேன். அவளைத் தடுக்க எனக்கும் ஞாயிறு வரைதான் நேரம்.

உறைபனி எளிமையான விஷயம். காற்றின் ஈரம் குளிர்ந்த பலகையில்தான் படியும். பலகை கொஞ்சம் சூடாக இருந்தால் படியாது. அப்படியென்றால் இந்த ஆள் சூடாக இருக்கிறான்.

"செத்தவன் எங்கேயாவது சூடா இருப்பானாடி?" என்றேன்.

"அவன் சவுனா நீராவிக் குளியல் பைத்தியம். இருப்பான்."

கையுறையைக் கழற்றி, உருவத்துக்கு வெளியே தட்டினேன். மாவு மூட்டையைத் தட்டியது போல மந்தமான சத்தம். மார்பில் தட்டினேன். உள்ளே வெறுமையாக ஒலித்தது. அதன் பிறகு, நான் கையை எடுத்த பின்னால், சுவருக்குள் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

ஐலியின் கோப்பை பனியில் விழுந்தது. "கேட்டியா? கேட்டியாடி?"

நான் மறுபடி தட்டினேன். மறுபடி அதே மூச்சு, இன்னும் தாழ்வாக. மர அறுவை ஆலையில் முப்பது வருடம் நான் கேட்ட சத்தம் அது. மரத்தூள் சரிகிற சத்தம்.

"இந்த இடத்துல முன்னாடி என்னடி இருந்தது?"

"கதவு. கதவுக்கு மேலே சின்னதா ஒரு கண்ணாடி. குளிர் வருதுன்னு அடைச்சுட்டுப் பக்கவாட்டுல வேற கதவு வெச்சான்."

"எத்தனை நாள் வேலை?"

"ஒரே மத்தியானம். மீன் பிடிக்கப் போற அவசரம்."

வீட்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். பழைய வாசற்படிக்கு நேர் கீழே மரத்தூள் குவிந்து கிடந்தது. தௌனோ கண்ணாடியையும் கதவையும் எடுத்துவிட்டு, இரு பக்கமும் பலகை அடித்து, குளிரைத் தடுக்க நடுவில் தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறான். தூளை இடித்து இறுக்கவில்லை. அடியில் இருந்த திறப்புக்குப் பலகையும் வைக்கவில்லை. தூள் இறங்கி வெறுமையான இடத்தில் அறையின் சூடு வெளிப்பலகைக்கு வந்திருக்கிறது. மேலே குறுகிய கண்ணாடி இருந்த இடம் தலை, கீழே அகன்ற கதவு உடம்பு. ஓரங்களில் சூடு பரவியதால் மூலைகள் உருண்டுவிட்டன.

"இத்தனை வருஷம் ஏன் தெரியல?" என்று கேட்டாள்.

"இதுக்குப் பின்னால இருக்கறது கிடங்கு அறை, முன்னே அங்கே சூடே கிடையாது. மார்ச்சுக்கு அப்புறம்தானே நீ கட்டிலை அங்கே போட்டு அடுப்பு மூட்டறே? சாம்பல் பலகையில பனி எங்கே கண்ணுக்குத் தெரிஞ்சது? சிவப்புல பளிச்சுன்னு தெரியுது. நீ அடிக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் சுவர் அதிர்ந்து தூள் இறங்கியிருக்கு."

"அப்போ அவனை இறக்கினது நானா?"

"நீயும் உன் சுத்தியலும்."

ஐலி கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அரைகுறை வேலைக்காரன்" என்றாள். "வேன் வேண்டாம்னு இல்மாரிக்குச் சொல்லிடவா?"

"சனிக்கிழமை காலையில சுவரைப் பார்த்துட்டுச் சொல்லு."

சனிக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. சுவர் விளிம்பு முதல் விளிம்பு வரை வெள்ளையாக இருந்தது. வேன் வேண்டாம் என்று ஐலி மகனுக்குப் போன் செய்தாள். முந்தின நாள் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: அடியில் இருந்த திறப்பைப் பலகையால் அடைத்தோம், உச்சிப் பலகையைக் கழற்றி, எலி வராமல் இருக்கச் சுண்ணாம்பு கலந்த உலர்ந்த மரத்தூளை ஒரு சாண் உயரம் கொட்டி, கட்டையால் இடித்து, மறுபடி ஒரு சாண் கொட்டி இடித்து உச்சிவரை நிரப்பினோம், பலகையை ஆணிக்குப் பதிலாகத் திருகாணியால் பொருத்தினோம், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் திறந்து, இறங்கிய அளவுக்குத் தூள் போட வசதியாக.