நிழல் உரிக்கும் நாள்

2002-ஆம் வருடம் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, கலிபோர்னியாவின் மில்பிடாஸில் ஓர் அபார்ட்மெண்ட் பார்க்கிங் லாட்டில் சுவாமிநாதனின் நிழல் சாக்லேட்டாக உறைந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. 880 ஃப்ரீவேயில் வண்டிகள் வழக்கம்போல ஊர்ந்துகொண்டிருந்தன. கார் சாவியைக் காணோம் என்று சுவாமிநாதன் சட்டைப்பை, பேண்ட் பை, லஞ்ச் பை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி ஒரே இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். சாவி கையிலேயே இருந்தது. அதைக் கண்டுகொண்டு அவர் காலை எடுத்து வைத்தபோது நிழல் கூட வரவில்லை. பதினேழு அடி நீளத்துக்குத் தார்த்தரையில் பளபளவென்று படுத்துக் கிடந்தது. அவருடைய காலடியிலிருந்து வேறொரு புது நிழல் கிளம்பியிருந்தது. ஸ்கூல் பையோடு நின்ற மகள் ரக்ஷா, எட்டு வயது, குனிந்து முழங்கை இருந்த இடத்தில் விரலைத் தேய்த்து வாயில் வைத்தாள். "இட்ஸ் சாக்லேட், மாம்," என்றாள்.

அம்மா ஷ்யாமளா அவள் கையில் ஒன்று வைத்தாள். சுவாமிநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்து வீட்டு ஹாஜா நஜ்முதீனின் வண்டியிலிருந்து ஆயில் ஒழுகியிருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எதையும் தீர்மானித்த பிறகு அதைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கமில்லை. லாட் காலியானதும் ஷ்யாமளா இரண்டு பக்கமும் பார்த்தாள். தரையில் மண்டியிட்டு, காது மடல் இருந்த இடத்தை நகத்தால் பெயர்த்து நாக்கில் வைத்தாள். அது கரைந்து முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மாடிக்கு ஓடிப் போய்த் தோசைத் திருப்பியை எடுத்து வந்தாள்.

அவளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தவள். லேபில் பிள்ளைகள் டைட்ரேஷன் செய்யும்போது டிராயருக்குள் கையை விட்டு சாக்லேட் தின்கிற பழக்கம் அப்போதே உண்டு. கல்யாணமாகி, டிபெண்டண்ட் விசாவில் வந்ததிலிருந்து வேலைக்குப் போக வழியில்லை. சுவாமிநாதன் நல்லவர்தான். சிப் டெஸ்டிங் வேலை. குடியில்லை, கோபமில்லை, பேச்சும் இல்லை. ஒரு முறை அவள் மெனக்கெட்டு எண்ணிப் பார்த்ததில் ஒரு முழு நாளைக்குப் பதினோரு வார்த்தை தேறியது. அதில் மூன்று 'சரி'. ஆபீசில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு அனுப்பத் தொடங்கிய பிறகு அதுவும் எட்டாகக் குறைந்தது. பிறந்தநாள், கல்யாணநாள், இந்த ஊர் கொண்டாடுகிற இன்னபிற நாள் எல்லாமே கம்பெனிக்காரன் வேலை என்பது அவர் கட்சி. அந்த வருடம் ஜூலையில் ஷ்யாமளா, ஃப்ரீமாண்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் மாரிசாமியைக் கூப்பிட்டு, நவம்பர் மூன்றாம் தேதிக்குத் தனக்கும் ரக்ஷாவுக்கும் சென்னைக்கு டிக்கெட் போடச் சொல்லியிருந்தாள். போவதற்கு மட்டும். வீட்டில் சொன்னது, லீவுக்குப் போய்வருகிறோம் என்று. சுவாமிநாதன், "சரி" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து நின்றார். நான்கு வருடத்தில் முதல் அரை நாள் லீவு. ஆபீசில் பிரிண்டர் பக்கத்தில் காகிதத்துக்காகக் காத்து நின்றபோது கார்பெட்டில் அவர் நிழல் உறைந்துவிட்டது. டியூப் லைட் வெளிச்சம் என்பதால் அங்கே வெள்ளை சாக்லேட். ரிசப்ஷனில் இருந்த பெண், இன்றைக்கு சாக்லேட் தினம் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்ததால், யாரோ ஏற்பாடு செய்ததென்று நினைத்து அவருடைய இடது தோளை உடைத்துத் தின்றுகொண்டே வாழ்த்துச் சொன்னாளாம். கார்பெட் கறைக்காக வேலையே போய்விடும் என்று அவர் பயந்துபோயிருந்தார். இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்க நாற்பத்தாறு வார்த்தை ஆனது. ஷ்யாமளா எண்ணிக்கொண்டே கேட்டாள்.

அவரைக் கீழே அழைத்துப் போய், புல்தரை ஓரத்தில் அலுமினியம் ஃபாயிலை நீளமாக விரித்து, அதன் விளிம்பில் நிறுத்தினாள். நிழல் உறைய ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் அவரால் எதையும் செய்ய முடியாது. தலை திரும்பினால் மூக்கு கலைந்துவிடும். பார்க்கப் பேப்பர் இல்லை, டிவி இல்லை. எதிரே ஒரு சைக்காமோர் மரமும் வானமும்தான். மனைவியோ முதுகுக்குப் பின்னால், நிழலின் தலைமாட்டில் தோசைத் திருப்பியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்காவது நிழலின்போது அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது ஒன் வே டிக்கெட்டுன்னு தெரியும்."

ஷ்யாமளாவின் கை நின்றுவிட்டது. "எப்பத்துலேருந்து?"

"ஜூலைலேருந்து. மாரிசாமி வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு ரிட்டர்ன் வேணாமான்னு கன்ஃபர்ம் பண்ணாரு. வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியேன்னுதான்."

அவருடைய தோள் அசைவதை அவள் நிழலில்தான் பார்த்தாள். விளிம்பெல்லாம் அலையலையாகக் கலங்கியது. "அசையாம நில்லுங்க," என்றாள். "தலை இன்னும் செட் ஆகல." அவர் அசையாமல் நின்றார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் முப்பத்தொரு நிழல் எடுத்தார்கள். காலை நிழல் நீண்டு மெலிந்து பால் கூடுதலாக இருந்தது; நடுப்பகல் நிழல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கனத்து, கசப்பாக இருந்தது. ஃப்ரீசரில் இருந்த பட்டாணி, தேங்காய்த் துருவல் எல்லாம் வெளியே வந்தன. மறுநாள் காலை அவர் நிழல் எல்லோருடையதையும் போல வெறும் நிழலாகிவிட்டது. ஷ்யாமளா மாரிசாமியைக் கூப்பிட்டு டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொன்னாள். ரீசன் என்ன போடட்டும் என்று அவர் கேட்டார். வீட்டில் சாக்லேட் நிறைய இருக்கிறது, முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றாள். மாரிசாமி 'சொந்தக் காரணம்' என்று போட்டுக்கொண்டார்.

முடிக்கப் பதினோரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த அக்டோபர் வந்துவிட்டது. 2003-இல் இருபத்தெட்டாம் தேதி ரமலானின் இரண்டாம் நோன்பு. பக்கத்து வீட்டு ஹாஜாவின் மனைவி மெஹர் நிஷாவுக்கு விஷயம் அதற்குள் தெரியும். போன வருடம் நிழல் கிடந்த இடத்தைப் பார்த்து யாரோ ஆயில் ஒழுகுகிறதென்று புகார் செய்ததால் ஹாஜா இரண்டு முறை வண்டியை மெக்கானிக்கிடம் காட்டியிருந்தார். ஒரு மனிதரின் நிழலைத் தின்னலாமா என்று ஹாஜா பள்ளிவாசலில் விவரம் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஆல்கஹால் கலக்காமல் இருக்க வேண்டும், நிழலுக்கு உரியவரின் சம்மதம் வேண்டும், இது தன் சொந்த அபிப்பிராயம்தான் என்றார். சுவாமிநாதன், "எடுத்துக்குங்க பாய், எனக்கு அது சும்மாதான் கெடக்கு," என்று சம்மதம் தந்தார். சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவர் நிழல் எண்பது அடி ஓடி, லாட்டைத் தாண்டி, குப்பைத்தொட்டிச் சுவர்மேல் ஏறி நின்றது. ஹாஜாவின் பையன்கள் ஆகிபும் ஆதிலும் பாதத்திலிருந்து பேக்கிங் பேப்பரோடு ஓடி ஓடிச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். சூரியன் மறைந்து மக்ரிப் ஆனதும் பேரீச்சம்பழம், கஞ்சி, அதற்குப் பின் காகிதத்தைப் போல மெலிந்த சாக்லேட் ஆளுக்கு ஒரு முழம். மெஹர் நிஷா சிரித்த சிரிப்பில் புரை ஏறி, ஷ்யாமளா அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, இது அண்ணனோட எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டது அந்த அபார்ட்மெண்டில் பல வருடம் பேசப்பட்டது.

2004-இல் அன்று முழுக்க மேகம். ஷ்யாமளா அதற்கெல்லாம் அசரவில்லை. கிச்சன் டியூப் லைட்டில் வெள்ளை சாக்லேட் எடுத்தாள். குத்துவிளக்கை ஏற்றி அதன் முன் நிறுத்தியதில் நிழல் நடுங்கி நடுங்கி உறைந்து, உள்ளே குமிழி குமிழியாக, வாயில் போட்டால் வெடிக்கிற ஒரு தினுசு கிடைத்தது. ஒரே நேரத்தில் மூன்று டேபிள் லாம்ப் வைத்தபோது மூன்று நிழல் விழுந்து, ஒன்றன் மேல் ஒன்று படிந்த இடத்தில் மிகவும் கறுப்பாக, தின்றவர்கள் அரை மணி நேரம் ஒரு பாட்டை விடாமல் முணுமுணுக்கும்படியான ஒன்று உருவானது. எல்லாவற்றையும் அவள் ஒரு லேப் நோட்டில் வெளிச்சம், கோணம், தடிமன், சுவை என்று கட்டம் போட்டு எழுதினாள். நோட்டுப் புத்தகத்தில் எழுத விஷயம் கிடைத்து ஐந்து வருடமாகியிருந்தது அவளுக்கு. டிக்கெட்டைப் பற்றி மாரிசாமிதான் நினைவுபடுத்தினார். கேன்சல் பண்ணிடுங்க என்றாள். அவருக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினாள்.

2005-இல் பக்கத்து ஊர்களான டப்ளினிலிருந்தும் சான் ரமோனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அபார்ட்மெண்ட் மேனேஜர், நடைபாதையில் நிழல்களைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் விட்டு வைக்கக் கூடாது என்றும், நாய்களுக்கு சாக்லேட் ஆகாது என்பதால் அவற்றைக் கட்டி வைக்கும்படியும் நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டிவிட்டு வரிசையில் வந்து நின்றார். 2006-இல் அது சனிக்கிழமையாக அமைந்ததால் பூங்காவுக்கு மாற்றினார்கள். இருநூறு பேர் கூடினார்கள். சான் ரமோனில் பல் டாக்டராக இருந்த அபயாம்பாள், இனிப்பின் கெடுதலைப் பற்றி எடுத்துச் சொல்லவென்று அச்சடித்த தாள்களோடு வந்தவர், நடுப்பகல் நிழலில் முழங்கால் ஒன்றைத் தின்றுவிட்டு, தாள்களில் சாக்லேட்டை மடித்து எல்லோருக்கும் விநியோகித்தார். சுவாமிநாதன் காலையிலிருந்து மாலைவரை ஃபாயில் ஓரத்தில் நின்றபடி, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் முகத்தைத் திருப்பாமல் பேசினார். ஜோக் சொன்னார். தன் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் எதிர்த் திசையில் ஓடிய கதையை ஏழு முறை சொன்னார். ஷ்யாமளா அதை அதற்கு முன் கேட்டதில்லை. ஏழாவது முறையும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த யாரோ, உங்க ஹஸ்பண்ட் எப்பவுமே இப்படித்தான் கலகலன்னு பேசுவாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அது பொய்யில்லை என்று அவளுக்கே தோன்றியதில் கொஞ்சம் திகைத்துப் போனாள். நவம்பரிலும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பிப்ரவரியில் அவளே ஒரு நாள், கொஞ்சம் சும்மா இருங்களேன், பால் பொங்குகிறதைப் பார்க்கணும் என்றாள்.

கிரீன் கார்டு வந்தது. ஷ்யாமளா ஒரு ஹைஸ்கூலில் லேப் அசிஸ்டண்டாகச் சேர்ந்தாள். 2009-இல் சுவாமிநாதன் இருந்த பிரிவை அவர் கம்பெனி டெக்ஸஸுக்கு மாற்றியது. ரக்ஷாவின் படிப்பு நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதால் அவர் மட்டும் செப்டம்பரில் அங்கே ரிச்சர்ட்சன் என்கிற ஊருக்குப் போனார். போகும்போது ஏர்போர்ட்டில் ஷ்யாமளாவுக்குத்தான் வார்த்தை வரவில்லை. தனியாக இருந்து இருந்து அவர் மறுபடியும் 'சரி'க்குத் திரும்பிவிடுவாரோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போனில் அவர் குரல் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டு வந்தது. அக்டோபர் மூன்றாவது வாரம் மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை அவள் லீவு போட்டாள். அவர் ஊரில் இல்லை என்று தெரிந்தும் எண்பது பேர் பூங்காவுக்கு வந்து, ஃபாயிலை விரித்து, சும்மா சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு அவள் செல்போன் அடித்தது.

"ஷ்யாமளா, இங்கயும் வந்துடுச்சு."

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ் பார்க்கிங் லாட்ல. ஒரு மணி நேரமா நிக்கறேன். பத்து நிழல் கெடக்கு. எடுக்கத்தான் ஆள் இல்ல."

"நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க."

இத்தனை வருடத்தில் சுவாமிநாதன் அதைத் தொட்டு நாக்கில் வைத்ததில்லை. இனிப்பு பிடிக்காது என்பார். தன் தலையைத் தானே கடிப்பதாவது என்பார். ஷ்யாமளா போனை ஸ்பீக்கரில் போட்டாள். எண்பது பேரும் நெருங்கி வந்தார்கள். ஆபீஸ் பேட்ஜின் விளிம்பு தரையில் சுரண்டுகிற ஓசை கேட்டது. படக்கென்று ஏதோ உடைந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மெஹர் நிஷா, லைன் கட்டாகிவிட்டதா என்று சைகையில் கேட்டாள். ஷ்யாமளா இல்லை என்று தலையை அசைத்தாள், அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நல்லா இருக்கும்னு," என்றார் சுவாமிநாதன், "எங்கிட்ட யாருமே சொல்லலையே."

அதற்குப் பிறகு அவர் யாரையும் பேச விடவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டே லாட்டில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிடத் தொடங்கினார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டார், கூரியர் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டார், சிகரெட் பிடிக்க வெளியே வந்த தன் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சார், ப்ளீஸ், திஸ் இஸ் மை ஷோல்டர், வெரி குட்," என்று அவர் உபசரிப்பது மில்பிடாஸ் பூங்காவில் தெளிவாகக் கேட்டது. கதவு திறக்கிற சத்தமும், செருப்புச் சத்தமும், யாரோ ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிப்பதும், நடுவில் ஓட்டப் பந்தயக் கதை ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதும் கேட்டன. ஷ்யாமளா வெறும் ஃபாயிலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு மூக்கைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை. இரண்டு மணி நேரம் பேசி அவருடைய பேட்டரி தீர்ந்தது. இந்த வருடம் நிழல் டெக்ஸஸில் விழுந்திருக்கிறது என்று அவள் கூட்டத்துக்கு அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அபயாம்பாள் கடையில் வாங்கிய டப்பாவைப் பிரித்தார்.

மாலையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்ட சுவாமிநாதன், அன்றைய கடைசி நிழல் இன்னும் தரையில் கிடக்கிறது, மிக நீளமானது, லாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் என்றார். ஆறரைக்கு வேலை முடிந்து கிளம்பியவர்கள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே பார்த்துப் பார்த்து, டயர் அதன் மேல் ஏறாதபடி வண்டிகளை வளைத்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.