சாக்பீஸ் வட்டம்

சலவைக்கடையின் பின்னறையில் ஓர் ஊதா விளக்கு உண்டு. கடைக்காரருக்குப் பெண்டாட்டிக்கு அடுத்தபடி அதன்மேல்தான் நம்பிக்கை. "ஒரே தடவைதாங்க போட்டேன்" என்று சத்தியம் செய்கிறவர்களின் குட்டெல்லாம் அதன் கீழே வெளிப்பட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது கொட்டும். சில பொருள்கள் அதை வாங்கி, தங்கள் கமிஷனைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தரும். வெள்ளைச் சட்டை அதில் பளீரென்று எரிவதும் சோப்புத்தூளில் கலந்த சாயத்தின் கைங்கரியம்தான். விளக்கை அணைத்தால் அந்தக் கணமே எல்லாம் அணையும். கடன் சொல்லாத வியாபாரம்.

விளக்கில் தெரிகிற கறை பகலில் தெரியாது. அதனால் அவர் சுற்றிலும் சாக்பீஸால் வட்டம் போட்டு ஆணியில் மாட்டுவார். கறை எடுப்பவன் மச்சினன், மனைவியின் தம்பி. வட்டத்துக்குள் இருப்பதை எடுத்த பிறகுதான் விளக்குப் பக்கம் வருவான்.

மனைவி செத்துப்போய் இரண்டு மாதம். பூச்சி அரிக்குமுன் சுத்தம் செய்துவிடலாம் என்று, அன்று காலை தன் கறுப்புக் கோட்டை விளக்கின் கீழே விரித்தார். முதுகில் வெளிர்நீலமாக ஒரு கை. ஐந்து விரலும் இருந்தன.

சோப்புத் தண்ணீரில் வெடித்த கைக்கு அவள் எப்போதும் களிம்பு பூசியிருப்பாள். கடைசியாகப் போன கல்யாணத்தன்று அந்தக் களிம்புக் கையால்தான் இந்தக் கோட்டின் முதுகில் தட்டி, "கண்ணாடி பாத்தது போதும். மாப்பிள்ளை நீங்க இல்ல, கிளம்புங்க" என்றாள்.

அதன்மேல் கை வைக்கப் போனவர், அழிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். விளக்கை அணைத்தார், வெறும் கறுப்பு. போட்டார், கை. பகலிலும் இடம் தெரிய வேண்டுமே என்று சுற்றிலும் தள்ளி ஒரு வட்டம் போட்டார். பழகிய கை, ஆணியில் மாட்டியும் விட்டது.

கடை முன்னால் ஓர் அம்மாள் திரைச்சீலைக்குப் பேரம் பேசக் காத்திருந்தாள்.

"இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமே."

"வாங்குங்கம்மா. அதையும் இங்கதானே கொண்டு வரணும்."

இரண்டு மாதத்தில் அன்றுதான் சிரித்தார். மச்சினனுக்கும் காட்ட வேண்டும், அவனுக்கும் அக்காதானே என்று உள்ளே போனார்.

ஆணி காலி. கோட்டு இஸ்திரி மேஜையில் ஆவி பறக்கக் கிடந்தது.

"உங்க கோட்டாச்சேன்னு கூடுதலாவே கவனிச்சேன் மாமா. ஏதோ பிசுக்கு, லேசுல விடல. ரெண்டு தரம் மருந்து போட்டேன். விளக்குல பாருங்க, ஒரு பொட்டு இருக்காது."

பார்த்தார். கோட்டில் ஒன்றுமில்லை. அவருடைய சட்டைக் கைமடிப்பு மட்டும் நீலமாய் எரிந்தது.

"ஏன் மாமா, எங்கயாவது விட்டுட்டேனா?"

அக்காவின் கையைத்தான் அவன் துடைத்தான் என்று எந்த வாயால் சொல்வது? வட்டம் போட்டவர் அவர்.

"இல்லப்பா. நல்லா எடுத்திருக்கே."

அவன் அடுத்த உருப்படிக்குப் போனான். அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். முதுகில் இஸ்திரிச் சூடு இருந்தது. அது ஆறும்வரை கழற்றவில்லை.